ஆண் ஆசிரியர்: பூஜ்யம்

நான் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. அதில் எனக்கு வருத்தமில்லை. ஆசிரியர் அறையில் நான் ஒருவன்தான் ஆண்; அவர்களுக்குள் பேச ஆயிரம் இருக்கும். ஆனால் நேற்றுவரை என்னைக் கண்டால் நாற்காலியிலிருந்து பையைக்கூட எடுக்காத அறிவியல் டீச்சர் அன்று எழுந்து நின்று, "உட்காருங்க சார்" என்றார். அப்போதே எனக்குப் பொறி தட்டிவிட்டது. நெருப்பில்லாமல் புகையாது.

பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் 'கேமரா'. தேர்வறையில் கடைசி பெஞ்சில் ஒருவன் மூக்கைச் சொறிந்தாலும் எனக்கு அது சைகையாகத்தான் தெரியும். பாதி நேரம் அது சைகைதான்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன் இந்த உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியராகச் சேர்ந்தபோது ஆண்கள் பதினான்கு பேர் இருந்தோம். அப்புறம் ஒருவர் ஓய்வு பெற்றால் அந்த இடத்துக்கு ஒரு டீச்சர் வருவார். இயற்பியல் சார் ஏதோ கம்பெனிக்குப் போனார். விளையாட்டு சார் வெளிநாடு போனார். மூன்று வருடத்துக்கு முன் ஓவிய சாரும் ஓய்வு பெற, மிஞ்சியது நான். ஆண்கள் கழிப்பறையில் பாதியைத் தடுத்து பழைய வரைபடங்களை அடுக்கிவிட்டார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன்.

அன்று இடைவேளையில் குமாஸ்தா அம்மா என் பணிப் பதிவேட்டைத் தலைமையாசிரியை அறைக்குள் எடுத்துப் போவதைப் பார்த்தேன். ஒரு மனிதனின் பணிப் பதிவேட்டை எதற்கு எடுப்பார்கள்? ஓய்வுக்கு இன்னும் ஏழு வருடம் இருக்கிறது. பதவி உயர்வு என் ஜாதகத்திலேயே கிடையாது. மிச்சம் இருப்பது மாற்றல் ஒன்றுதான்.

மாற்றல் மட்டும் எனக்கு வரவே கூடாது. என் மனைவிக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். மருத்துவமனை பள்ளிக்குப் பின்னால் இரண்டாவது தெருவில் இருக்கிறது. காலையில் அவளை அங்கே விட்டுவிட்டு வகுப்புக்கு வருவேன். மதியம் ஓடிப்போய் வீட்டில் கொண்டு சேர்த்துவிட்டு, சாப்பிட்டும் சாப்பிடாமலும் திரும்பிவிடுவேன். அறுபது கிலோமீட்டர் தள்ளித் தூக்கிப் போட்டால் அவளை யார் பார்ப்பது? எங்களுக்கு வேறு ஆள் கிடையாது.

மாலையில் அவளிடம் சொன்னேன்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்றாள். "போன மாசம் நர்ஸ் மேல சந்தேகம். அதுக்கு முன்னாடி பால்காரர். நேரா மேடம்கிட்டயே கேளுங்களேன்."

"கேட்டா உண்மையைச் சொல்லிடுவாங்களா?"

"கேட்காம இருந்தா மட்டும் உங்களுக்குத் தெரிஞ்சிடுமா?"

தெரிந்துகொள்ள எனக்கு வேறு வழி இருந்தது. மறுநாள் குமாஸ்தா அம்மா டீ குடிக்கப் போன நேரம் பார்த்து அலுவலக அறைக்குள் போனேன். மேசையில் ஒரு தாள் குப்புறக் கிடந்தது. யோக்கியமான தாளைக் குப்புற வைப்பார்களா? திருப்பினேன்.

ஆண் ஆசிரியர் ஒருவர்கூட இல்லாத பள்ளிகளுக்குத் தலா ஒருவரைப் புதிதாக நியமித்து அனுப்பும் ஆணை அது. எங்கள் பள்ளிக்கும் ஒருவர், அதுவும் கணக்குப் பாடத்துக்கு. இணைப்பில் நாங்கள் அனுப்பிய வருடாந்தரப் படிவம் இருந்தது. ஆண்: 0. பெண்: 28.

எங்கள் பள்ளியில் கணக்குக்கு ஒரே இடம்தான். ஆணையோடு வருகிற புதியவருக்குத்தான் அந்த இடம்; நான் உபரி. உபரி ஆசிரியரை எந்த மூலைக்கு வேண்டுமானாலும் தள்ளலாம்.

"அதை நானே சொல்லணும்னு இருந்தேன் சார்." வாசலில் தலைமையாசிரியை நின்றுகொண்டிருந்தார். பின்னால் குமாஸ்தா அம்மா.

"எப்போ மேடம்? என்னை அனுப்பி வச்ச பிறகா? குத்துக்கல்லாட்டம் ஒருத்தன் இங்க இருக்கேன், பூஜ்யம்னு எழுதியிருக்கீங்க. இது வேணும்னே பண்ணினது."

குமாஸ்தா அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார். "வருகைப் பதிவேட்டை எண்ணித்தான் சார் படிவத்துல எழுதுவேன். காலங்காலமா அப்படித்தான். நீல அட்டை ஆண்கள், சிவப்பு அட்டை பெண்கள். நீலத்துல யாரும் இல்லை. சிவப்புல இருபத்தெட்டு பேர்."

"நான் எப்படி சிவப்புக்குப் போனேன்?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீங்கதானே சார் மாத்தச் சொல்லி எழுதிக் கொடுத்தீங்க" என்றார் தலைமையாசிரியை.

கொடுத்தேன்தான். ஓவிய சார் போனபின் ஒரு முழுப் பதிவேட்டில் நான் மட்டும் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். நான் எத்தனை மணிக்கு வருகிறேன் என்று கண்காணிக்கத்தான் இந்தத் தனிப் பதிவேடு என்று எனக்குத் தோன்றியது. பொதுப் பதிவேட்டில் என் பெயரைச் சேர்க்கும்படி இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். நான் அதை மனுப் போட்டு வைத்துக்கொண்டிருக்கிறேன். மூன்று வருடமாக அரசாங்கக் கணக்கில் நான் ஒரு டீச்சர்.

"உங்க பணிப் பதிவேட்டு நகலை வச்சுக் கல்வி ஆபீஸுக்குத் திருத்தம் அனுப்பியாச்சு" என்றார் தலைமையாசிரியை. "அடுத்த வருஷம்தான் திருத்துவாங்களாம். ஆணை போட்டது போட்டதுதான்னு சொல்றாங்க. பதினஞ்சு நாளுக்குள்ள அந்தப் புது சார் வந்து சேரலைன்னா மட்டும் தானா ரத்தாகும். தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவீங்கன்னுதான், உங்ககிட்ட மூச்சு விட வேண்டாம்னு டீச்சர்ங்ககிட்டயும் சொல்லி வச்சேன்."

நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. இவர் சொல்வது நிஜமாகவே இருந்தாலும் அந்தப் பதினைந்து நாளை நான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

அன்றிலிருந்து வெளிவாசல் தெரிகிற ஜன்னலோரம்தான் பாடம் நடத்தினேன். கையில் பையோடு எந்த ஆண் நுழைந்தாலும் கரும்பலகையை விட்டுவிட்டு இறங்கிவிடுவேன். ஒருவர் புத்தகம் விற்க வந்தவர். ஒருவர் ஏதோ பிள்ளையின் அப்பா. மூன்றாவது ஆளிடம், "மேடம் ஊர்ல இல்லை, அடுத்த மாசம் வாங்க" என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். அவர் மின்விசிறி பழுது பார்க்க வந்தவர் என்று பிறகு தெரிந்தது. எட்டாம் வகுப்பு அந்த வாரம் முழுவதும் வெந்தது.

வருகிறவனை என்ன சொல்லி விரட்டுவது என்றும் தயாராக வைத்திருந்தேன். எழுபது பேர் வகுப்பு, திருத்தித் தீராத நோட்டு, தொண்டை கட்டு, தேர்தல் வேலை, கணக்கெடுப்பு வேலை. ஒன்றிலும் பொய் கலக்க வேண்டியிருக்கவில்லை.

பதினைந்தாவது நாள் மதியம் குமாஸ்தா அம்மாவே என்னைத் தேடி வந்தார்.

"அவர் வரலை சார். போன் பண்ணிக் கேட்டேன். ஒரு குடோன்ல சூப்பர்வைசரா இருக்காராம். 'ஸ்கூல் வேலையா, வேண்டாம் மேடம்'னு சிரிச்சுட்டு வச்சுட்டார். ஆணை ரத்து."

"அடுத்த ஆளை அனுப்புவாங்களே?"

"அடுத்த ஆள் யாரு சார்? கணக்கு வேலைக்குக் காத்திருக்கிறவங்க பட்டியல்ல அவர் ஒருத்தர்தான் ஆண்."

மருத்துவமனைக்கு நடந்தேன். மனைவி கையில் கட்டோடு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சொன்னேன். அவள் கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டாள்.

"தப்பிச்சோம். அதை ஏன் இழவு சொல்ற மாதிரி சொல்றீங்க?"

அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்குச் சந்தோஷம்தான்.

"வந்து பார்த்துட்டுப் பிடிக்கலைன்னு போயிருந்தாக்கூடப் பரவாயில்லை" என்றேன். "இருபத்திரண்டு வருஷமா நான் பார்க்கிற வேலை. எட்டிக்கூடப் பார்க்கலை."