பின்னால் இருந்த குவியல்

தண்டபாணி இத்தாலியில் ஒன்பது நாள் இருந்தார். சுற்றுலாக் கம்பெனி சமையல்காரரையும் கூடவே அழைத்துப் போயிருந்ததால் ஒன்பது நாளும் தயிர்சாதம்தான். ஒரு காலையில் மட்டும் பஸ்ஸைக் காய்கறிச் சந்தையில் நிறுத்தினார்கள். "நல்ல சரக்கைப் பின்னால்தான் வைத்திருப்பார்கள். விவரம் தெரிந்தவர்கள் கேட்டு வாங்குவார்கள்" என்றார் வழிகாட்டி. அந்த ஒரு வரியை மூலதனமாக வைத்து, ஊர் திரும்பிய தண்டபாணி மலைமேல் நாகலூரில் தன் வீட்டிலேயே இத்தாலிய விருந்து நடத்தத் தொடங்கிவிட்டார். பருவத்தில் விளைந்ததை அன்றே வாங்கி அன்றே சமைப்பது. பணம் கட்டிச் சாப்பிடச் சேலத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள்.

மழை விட்ட ஞாயிற்றுக்கிழமை. ஒண்டிக்கடை நாற்சந்தியில் கண்ணாயி சாக்கு விரித்துக் காளான் விற்றுக்கொண்டிருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் வாழையிலையில் தனியாக ஒரு குவியல். கொழுகொழுவென்று, வெண்ணெய் நிறத்தில்.

"அதைக் கொடும்மா."

"அது ஆவாதுங்க. முன்னால இருக்கறத எடுத்துக்குங்க."

தண்டபாணி கண்ணைச் சிமிட்டினார். "எனக்கு விவரம் தெரியும்."

"என்ன வெவரமோ போங்க" என்று அவள் அடுத்த ஆளுக்கு நிறுக்கத் திரும்பினாள். அவர் பின்பக்கம் போய் இரண்டு கை அள்ளிப் பையில் போட்டார். சாக்குக்கு அடியில் இருநூறு ரூபாயைச் செருகிவிட்டு நடந்தார்.

மதியம் ஒரு மணிக்கு, ரிசோட்டோ என்ற அந்தக் குழைந்த காளான் சோறு, மேலே சீஸ் துருவி, நான்கு தட்டுகளில் மேசைக்குப் போயிற்று. கிளறும்போதே அவர் நாலு கரண்டி ருசி பார்த்திருந்தார். அப்போது கொல்லைக் கதவு தடதடத்தது. மூச்சிரைக்கக் கண்ணாயி.

"ஏனுங்க, அந்தக் காளானத் தின்னுபோட்டீங்களா? பஸ்ஸு புடிச்சு, ஊட்ட விசாரிச்சு ஓடியாறனுங்க. அது வெசங்க! மாடு வாய் வெச்சுரப் போவுதுன்னு குழி தோண்டிப் பொதைக்க ஒதுக்கி வெச்சிருந்தேன்!"

தண்டபாணி உள்ளே ஓடினார். தீபிகா என்ற விருந்தாளியின் கரண்டி வாய்க்கு அரையடி தூரத்தில் இருந்தது.

"நிறுத்துங்க!"

நான்கு முகங்கள் நிமிர்ந்தன. விஷம் என்ற சொல் தொண்டை வரை வந்தது. போன வாரம்தான் வாசலில் 'இத்தாலிய விருந்து' என்று புதுப் பலகை மாட்டியிருந்தார்.

"இத்தாலியில... முதல்ல மோந்துதான் பாப்பாங்க. பத்து நிமிஷமாவது."

"ஆமாமா, ரோம்ல நான் பாத்திருக்கேன்" என்றார் தீபிகாவின் கணவர். நால்வரும் பக்தியோடு குனிந்தார்கள்.

ருசி பார்த்த தண்டபாணியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, பக்கத்து எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் ஜேசுதாஸ் ஜீப்பை எடுத்தார். கண்ணாயியும் ஏறிக்கொண்டாள்.

"உள்ள இருக்கறவங்ககிட்டச் சொல்லிப்போட்டீங்களா?"

"சொல்லியாச்சு."

கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப் சேலத்தை நோக்கி இறங்கியது. தண்டபாணியின் வயிற்றில் ஏதோ புரண்டது. விஷமா, வளைவா?

"தின்னா எத்தனை நேரத்துல தெரியும்?"

"ஆருக்குங்க தெரியும்? எங்கூர்ல ஒருத்தரும் தின்னதில்லீங்களே."

ஜேசுதாஸ் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். "ஸ்டியரிங்கப் புடிங்க சாமி!" என்று அலறினாள் கண்ணாயி.

செல்போன் அடித்தது. தண்டபாணி ஸ்பீக்கரை அழுத்தினார். தீபிகா.

"சார், மோந்து முடிச்சாச்சுங்க. ஆறிப்போகுது. இப்ப சாப்பிடலாங்களா?"

"இன்னும் ஒரு பத்து நிமிஷம்..." என்று இழுத்தார் அவர். கண்ணாயி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனைப் பிடுங்கினாள்.

"கண்ணு, அதத் தொடாதீங்க. வெசம்."

மறுமுனையில் தீபிகா மெல்ல, "நாங்க தொடலீங்க. இவரு மட்டும்... மோந்ததும் ரெண்டு வாய் சாப்பிடறதுதான் ரோம் வழக்கம்னு..."

ஜேசுதாஸ் பிரேக்கை மிதித்தார். தண்டபாணி போனைத் திரும்ப வாங்கினார்.

"உடனே அவரை உங்க கார்ல ஏத்திச் சேலம் ஆஸ்பத்திரிக்கு வாங்கம்மா. இத்தாலியில யாரும் மோந்தெல்லாம் பாக்கறதில்ல. எனக்கு இத்தாலிச் சமையலே தெரியாது. ஒன்பது நாளும் தயிர்சாதம்தான் தின்னேன்."

ஜீப் மறுபடி இறங்கியது. தண்டபாணி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, வாந்தி வருமென்று காத்திருந்தார். வரவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.