சீராக உள்ளது

தையல் ஆலையின் நான்காவது லைனில் முப்பது பெண்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவ முகாம் என்று ஒரு கட்டுப் படிவம் வரும். சாப்பாட்டு இடைவேளையில் டிபன் டப்பாவை நகர்த்திவிட்டு அதை நிரப்புவது பெரியக்காவின் வேலை. லைனிலேயே மூத்தவள், கையெழுத்தும் முத்து முத்தாக இருக்கும். அதனால் அந்தப் பெயர், அந்தப் பொறுப்பு.

வயது, எடை, பிள்ளைகள் எத்தனை, எல்லாம் ஆளைக் கேட்டுத்தான் எழுதுவாள். மாதவிடாய் என்ற கட்டத்துக்கு மட்டும் யாரையும் கேட்கமாட்டாள். ‘சீராக உள்ளது.’ முப்பது பேருக்கும் அதேதான். ஒருமுறை ஆறு மாதக் கர்ப்பிணிக்கும் கைப்பழக்கத்தில் அப்படியே எழுதிவைக்க, லைனே வயிறு வலிக்கச் சிரித்தது.

வேறு எதையாவது எழுதினால் உடம்பு தேறட்டும் என்ற கரிசனத்தோடு மெஷினிலிருந்து எழுப்பிவிடுவார்கள். அப்புறம் பிசிறு வெட்டும் மேசைதான். விடிந்ததிலிருந்து நின்றபடி வேலை, லீவு என்ற பேச்சே கிடையாது. அங்கே போனவள் எவளும் மெஷினுக்குத் திரும்பியதில்லை.

ஐம்பது வயதில் பெரியக்காவுக்கு நின்றது. வயதாகிவிட்டது என்று மேலே இருப்பவர்கள் கண்ணில் படுவானேன் என்று, தன் படிவத்திலும் அதே இரண்டு சொற்களை எழுதினாள். மூன்று வருடம் எழுதினாள்.

ஐம்பத்து மூன்றில் ஒருநாள் காலை மறுபடி ரத்தம். பக்கத்து மெஷின்காரியிடம் காதோடு சொன்னாள். “பெரியக்கா திரும்பக் குமரியாயிட்டாங்கடி” என்று அவள் கேலி செய்ய, இவளும் சேர்ந்துதான் சிரித்தாள்.

இரண்டு மாதம் பார்த்துவிட்டு ஆலை நர்ஸிடம் போனாள். நர்ஸ் கோப்பைப் புரட்டினாள். “மாசாமாசம் சீரா வருதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. நிக்கப்போற நேரத்துல கொஞ்சம் கூடக்குறைய வரும்க்கா, பயப்படாதீங்க.”

நின்று மூன்று வருடம் ஆகிறது என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. தன்னுடைய ஒரு தாள் பொய் என்றால் முப்பது தாளும் பொய்யாகிவிடும். முப்பது பேரையும் கூப்பிட்டு நிற்க வைப்பார்கள். வார்த்தையை விழுங்கிக்கொண்டு, இரும்புச் சத்து மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்தாள். அந்த மாத்திரையிலேயே பத்து மாதம் ஓடியது.

ஒருநாள் மெஷினிலேயே சரிந்து விழுந்த பிறகுதான் மகள் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். எப்போது நின்றது என்று டாக்டரம்மா கேட்டபோது, முதல் தடவையாக உள்ளதைச் சொன்னாள். டாக்டரம்மாவின் பேனா அப்படியே நின்றது.

“நின்னதுக்கப்புறம் ஒரு சொட்டு பட்டாலும் அன்னிக்கே வந்திருக்கணும்மா.”

ஸ்கேன் எல்லாம் எடுத்த பிறகு மீதியைச் சொன்னாள். கர்ப்பப்பையைத் தாண்டிப் பரவிவிட்டது. அறுவை சிகிச்சைக்கு இனி இடமில்லை. வாராவாரம் வியாழக்கிழமை வந்து மருந்து ஏற்றிக்கொள்ளலாம், கொஞ்ச நாள் தள்ளிப்போடலாம். திரும்பி வரும்போது மகள் பேருந்து ஜன்னல் கம்பியைப் பிடித்த பிடியை விடவே இல்லை.

மகளுக்கும் அதே லைன்தான், மூன்றாவது மெஷின். வயது இருபத்திரண்டு. மாதம் பத்து நாள் போக்கு, அதில் இரண்டு நாள் உயிர்போகிற வலி. முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொண்டு துணிக் குவியலுக்குப் பின்னால் அவள் சுருண்டு கிடப்பதைப் பெரியக்கா எத்தனையோ இடைவேளைகளில் பார்த்திருக்கிறாள். அந்த வயசுக்கு அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி வெந்நீர் கொடுத்தவளும் அவள்தான்.

அடுத்த முகாம் வந்தது. உட்கார முடிகிறவரை உட்காருகிறேன் என்று பெரியக்கா இன்னும் வேலைக்கு வந்துகொண்டிருந்தாள். படிவங்களை முன்னால் வைத்துக்கொண்டு, மகளின் தாளை முதலில் எடுத்தாள். ‘சீராக இல்லை. கடும் வலி. பத்து நாள் போக்கு.’ எழுத்து கொஞ்சம் கோணியது.

மகள் எட்டிப் பார்த்தாள். “என்னம்மா எழுதியிருக்கே?”

“உள்ளதை.”

“மேசைக்கு அனுப்பிட்டா எனக்கு ஏது லீவு? வியாழக்கிழமை உன்னை யாரு கூட்டிட்டுப் போவா? படியேற முடியுதா உன்னால?”

“நான் போகலைன்னா போகட்டும். நீயாவது காட்டிக்கடி.”

“காட்டலாம். முதல்ல உன் வைத்தியம் ஆகட்டும்.”

அந்த வைத்தியம் எதில் போய் முடியும் என்று இருவருக்கும் தெரியும். பெரியக்கா தாளை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். மகள் அந்த விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். அதற்குப் பெரிய பலம் எதுவும் தேவைப்படவில்லை.

கட்டிலிருந்து வேறொரு படிவத்தை உருவி மகளே எழுதினாள். சின்ன வயதில் மடியில் உட்காரவைத்து, கையைப் பிடித்து எழுதப் பழக்கிய எழுத்து. அதே முத்து. எது தாயுடையது, எது மகளுடையது என்று நர்ஸால் கண்டுபிடிக்க முடியாது.

பழைய தாளை நான்காக மடித்து, ஆடிக்கொண்டிருந்த அம்மாவின் ஸ்டூல் காலுக்கடியில் செருகினாள் மகள். ஆட்டம் நின்றது. மணி அடித்தது. தன் மெஷினுக்குத் திரும்பி, ஒரு கையால் அடிவயிற்றை அழுத்திக்கொண்டு, மறு கையால் துணியை ஊசிக்குள் தள்ளத் தொடங்கினாள்.