அவரவர் பாஸ்வேர்டு

மட்டாஞ்சேரியில் ராமபத்ரனின் மிளகு ஏற்றுமதி ஆபீஸில் ஒரு கம்ப்யூட்டரும் அதோடு இணைத்த ஐந்தாறு திரைகளும் இருந்தன. விலை விவரமெல்லாம் அதற்குள்ளேயே மெயிலாகப் போய்வந்தது. எல்லோருக்கும் பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்தவள் ஸ்வர்ணலதா. மாற்றவும் அவளால்தான் முடியும். அதனால், ஒரு விலை போட்டிக் கம்பெனிக்குக் கசிந்தபோது முதலாளியின் சந்தேகம் நேரே அவள்மேல் விழுந்தது.

"எல்லார் பாஸ்வேர்டும் உனக்குத்தானே தெரியும்?" என்றார் ராமபத்ரன்.

"இனிமே தெரிய வேண்டாம் சார். அவாவாளே மாத்திக்கட்டும்."

அன்றே அந்த வசதியைத் திறந்துவிட்டு, மாற்றும் விதத்தை ஒவ்வொருவருக்கும் காட்டிக்கொடுத்தாள்.

மறுநாள் குடோன் கணக்கர் ராஜப்பன் சாயா கிளாஸோடு வந்து அவள் பக்கம் குனிந்தார். "மாத்தியாச்சு மோளே. மறந்துபோனா நீதானே சொல்லணும்? கேட்டுக்கோ."

ஸ்வர்ணலதா காதைப் பொத்திக்கொண்டாள். "சொல்லாதீங்கோ சேட்டா! மறந்தா புதுசு போட்டுத் தரேன்."

"பூட்டிட்டுப் போனா சாவியைப் பக்கத்து வீட்டுல கொடுக்கறதில்லையா? என்னைக் கள்ளன்னு நெனச்சியா?"

"உங்களை இல்லே. என்னைத்தான் கள்ளின்னு சொல்லுவா."

மத்தியானம் முதலாளி அவளைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். வேலை போயிற்று என்றே நினைத்தாள்.

"எங்காத்து நாய் பேரைத்தான் வெச்சிருக்கேன், டைகர்," என்றார் தணிந்த குரலில். "நேக்கு ஞாபகம் நிக்காது. நீ வெச்சுக்கோ."

ஸ்வர்ணலதா சிரிப்பை அடக்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள்.

"இப்பவே வேற ஒண்ணா மாத்துங்கோ சார். முடிச்சப்புறம் சொல்லுங்கோ, திரும்பறேன்."