ஓரிரு இடங்கள்

மாசிலாமணி எழுதிய வடகிழக்குப் பருவமழைக் கணிப்பு பாதிதான் பலித்திருந்தது. அதனால் அவரைப் பாதி தூரம்தான் வீட்டுக்குப் போக விட்டார்கள்.

தினமும் மாலை ஐந்து மணிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார். பாதி வழியில் பேருந்து நின்றுவிடும். நடத்துனர் விசிலடித்து, வண்டியைத் திருப்பச் சொல்லி, வானிலை அலுவலக வாசலிலேயே இறக்கிவிடுவார். ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. தங்கமான மனிதர்.

வெள்ளிக்கிழமை காலை மகளுக்குப் பெயர் வைக்கிறார்கள். அப்பாதான் காதில் மூன்று முறை சொல்ல வேண்டும். அந்தப் பெயரை மாசிலாமணி மனைவி சுகந்தியிடம்கூட மூச்சு விடவில்லை. முதலில் மகள்தான் கேட்க வேண்டும் என்று ஒரு வீம்பு.

வெள்ளி காலை பிரிவுத் தலைவர் தணிகாசலத்தின் முன்னால் போய் நின்றார்.

“சார், இன்னிக்காவது முழுசா விடுங்க. கொழந்தைக்குப் பேர் வைக்கணும்.”

தணிகாசலம் கோப்பைப் புரட்டினார். “என்ன எழுதியிருக்கீங்க? ‘ஓரிரு இடங்களில் கனமழை.’ ஓர் இடம் சரி. இன்னோர் இடம் எங்க?”

“ஓரிருன்னா ஒண்ணோ ரெண்டோ சார். எல்லாரும் அப்படித்தானே எழுதுறோம்.”

“எல்லாரும் எழுதுறாங்க. கையெழுத்து உங்களுது.”

“எங்கயாவது பேஞ்சிருக்கும் சார்.”

“இடமே இல்ல. எல்லா ஊரையும் வேற கணிப்புக்கு எடுத்தாச்சு.” அவர் மாசிலாமணியை மேலும் கீழும் பார்த்தார். “நீங்க சும்மாதானே நிக்கிறீங்க?”

வீட்டுக்குப் போனால் போதும் என்ற அவசரத்தில் மாசிலாமணி தலையை ஆட்டித் தொலைத்தார்.

அவரையே இன்னோர் இடமாகப் பதியும் படிவத்தில் அட்சரேகை, தீர்க்கரேகை, கடல் மட்டத்திலிருந்து உயரம் எல்லாம் கேட்டிருந்தார்கள். உயரம் செருப்போடு ஐந்தரை அடி என்று எழுதினார். முத்திரை விழுந்ததும், கூரைக்குக் கீழே, அவர் தலையில் மட்டும் கனமழை கொட்டியது. பக்கத்து மேசையில் ஒரு தாள்கூட நனையவில்லை. தணிகாசலம் மழைமானியைக் கொண்டுவந்து அவர் தோளில் கட்டினார்.

“கணிப்பு முழுசாப் பலிச்சுடுச்சு. வாழ்த்துகள்.”

“அப்ப கிளம்பட்டுமா சார்?”

“எங்க கிளம்புறது? இடம் எங்கயாவது எழுந்து போகுமா? ஓர்... இரு. ‘இரு’ன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?”

மாசிலாமணி காலைத் தூக்கிப் பார்த்தார். வரவில்லை. அழுதார். மழையில் யாருக்கும் தெரியவில்லை. தெரிந்திருந்தால் அதையும் அளந்திருப்பார்கள்.

பத்து மணிக்குச் சுகந்தியே குடையும் குழந்தையுமாக வந்தாள். அவர் காலடியில் மஞ்சள் ஊர்ப்பலகை நட்டிருந்தார்கள். ‘மாசிலாமணி’ என்று படித்துவிட்டுத்தான் நின்றாள்.

“என்னங்க இது கூத்து? நல்ல நேரம் முடியப்போவுது. பேரச் சொல்லுங்க.”

குழந்தையை அவர் வாயருகே தூக்கிப் பிடித்தாள். அவர் ஆசை ஆசையாக வாயைத் திறந்தார். இடி இடித்தது. மறுபடி சொன்னார். மறுபடி இடித்தது. மூன்றாவது முறையும் அப்படித்தான். குழந்தை வீறிட்டது.

தணிகாசலம் மழைமானியைப் பார்த்து உரக்கப் படித்தார். “எழுபத்திரண்டு மில்லிமீட்டர்.”

சுகந்தி குடைக்குள் குனிந்து, அதையே குழந்தையின் காதில் மூன்று முறை பொறுமையாகச் சொன்னாள். குழந்தை அழுகையை நிறுத்தியது.

“நல்லாத்தான் இருக்கு,” என்றாள் அவரைப் பார்த்து. “இத்தன நாளா இதத்தான் மறச்சு வச்சிருந்தீங்களா?”

இல்லை என்று சொல்ல அவர் வாயைத் திறந்தார். இடித்தது.