கடலடியில் ராக்னாவின் மூச்சு

ராக்னாவின் மூச்சு ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு மேற்கே, தொண்ணூறு மீட்டர் ஆழத்தில், கடல் தரையிலிருந்து வருகிறது. அவள் குடியிருப்பதோ அங்கிருந்து வெகு தெற்கே, ட்ரொம்சோ நகரில். எல்லாம் அவள் அப்பா ஹால்வர் செய்த வேலை. கடலடியில் கசியும் மீத்தேன் வாயுவை அளக்கும் கப்பலில் இருக்கிறான் அவன். குமிழி விடும் ஓட்டை புதிதாகத் தென்பட்டால், செத்துப்போன மாலுமி ஒருவரின் பெயரை அதற்கு வைப்பார்கள். உயிரோடிருப்பவர் பெயரைத் தொடமாட்டார்கள். மகள் பிறந்த சேதி கப்பலுக்கு வந்த அன்று ஹால்வருக்குத் தலைகால் புரியவில்லை. அன்று கண்ட ஓட்டைக்கு ராக்னா என்று எழுதிவிட்டான்.

மறு கோடையில் கசிவை அளப்பதற்காக இயந்திரக் கை அந்த ஓட்டையின் மேல் புனலைக் கவிழ்த்தது. குமிழிகள் அடைபட்ட நொடியில், வீட்டில் வாஃபிள் தின்றுகொண்டிருந்த குழந்தைக்கு மூச்சு நின்றது. தாய் குன்வோர் கப்பலுக்குப் போன் போட்டாள்.

"ஹால்வர், கொழந்த நீலமாயிட்டா! அங்க என்ன பண்ணித் தொலைக்கிறீங்க?"

ஹால்வருக்கு உடனே புரிந்துவிட்டது. புனலைத் தூக்கச் சொல்லிக் கத்தினான்.

"தொண்டையில ஏதாவது அடைச்சிருக்கும்யா. கடல்ல புனல எடுத்தா வீட்ல மூச்சு வருமா?" என்று கேப்டன் சிரித்தார்.

இயந்திரக் கை சிக்கிக்கொண்டு மூன்று நிமிடம் எழவில்லை. எழுந்ததும் குமிழிகள் கிளம்பின, போனில் குழந்தையின் அழுகை கேட்டது. அந்தப் பயணம் முடியும்வரை கேப்டன் சிரிக்கவேயில்லை.

பிறகு யாரும் அங்கே புனல் வைக்கவில்லை. அதற்குப் பதிலாக, கப்பலை அனுப்பும் நிறுவனத்திலிருந்து ஒரு பெண் மாதம் ஒருமுறை வந்து, சமையலறையில் உட்கார்ந்து காபி குடித்தபடி ராக்னாவின் மூச்சுகளை எண்ணிக் குறித்துக்கொண்டு போகிறாள். கசிவின் அளவு சரியாகவே வருகிறது. மே மாதத்தில் அடிநீர் குளிர்ந்து தரை இறுகும்போது நிமிடத்துக்கு நாலு மூச்சுதான். ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவே குன்வோர் மகளின் நெஞ்சில் கைவைத்துக் காத்திருப்பாள். கடல் சூடேறினால் கசிவு கூடி ராக்னா துள்ளி ஓடுவாள்.

"இந்த வருஷமும் கடல் சூடாயிடுச்சாமே, அநியாயம்," என்பார்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள்.

"ஆமா, அநியாயம்தான்," என்று குன்வோர் தலையைக் குனிந்துகொள்வாள். உள்ளே அவளுக்குச் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தை நினைத்தாலும் பயம்.

ராக்னாவுக்கு இப்போது பன்னிரண்டு வயது. மூச்சு ஆண்டுதோறும் கூடிக்கொண்டே போகிறது. நிறுவனத்தின் அறிக்கைகளெல்லாம் 'இக்கசிவு விரைவில் நிற்கும் என நம்புகிறோம்' என்றுதான் முடியும். ஹால்வர் எழுதும் அறிக்கையில் மட்டும் அந்த வரி இருக்காது. மேலதிகாரிகள் கடைசிப் பக்கம்வரை படித்து, அந்த வரியைச் சேர்க்காமலே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள்.