எல்லா வட்டமும் பச்சை

டேரில் நைபெர்கின் ஐந்தாம் வகுப்பறைச் சுவரில் ஒரு பெரிய திரை இருந்தது. அதில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வட்டம், வட்டத்துக்குள் பெயர். கையிலிருக்கும் டேப்லெட்டில் பின்னக் கணக்கைச் சரியாகப் போட்டால் வட்டம் பச்சையாகும். தடுமாறினால் மஞ்சள். தப்புமேல் தப்பாகப் போட்டால் சிவப்பு. யாருக்கு வருகிறது, யாருக்கு வரவில்லை என்பது கூட்டிப் பெருக்க வருகிறவருக்குக்கூடத் தெரியும். அதுதான் அதன் பெருமை என்று டேரில் நினைத்தான். நல்ல பெருமை போங்கள்!

மினசோட்டாவின் வடகோடியிலிருந்த அந்தச் சிற்றூருக்கு டேப்லெட்டுகள் சோதனைக்காகத்தான் வந்திருந்தன. வெள்ளிக்கிழமை பள்ளிகளை நிர்வகிக்கும் பள்ளிக் குழு நேரில் பார்க்க வருகிறது. பிடித்துப்போனால் மாவட்டம் முழுக்க வாங்குவார்கள்; மற்ற ஆசிரியர்களுக்குப் பழக்கிவிடும் பொறுப்பு டேரிலுக்கு. தலைமையாசிரியை கார்லா ஸ்டென்செத் ஏறக்குறைய வாக்கே கொடுத்துவிட்டார். அந்த வேலைக்காக டேரில் தவித்துக்கொண்டிருந்தான் என்றுதான் சொல்ல வேண்டும்.

அதனால் அந்தப் பக்கத்து வாத்தியார்கள் எல்லாரும் செய்வதையே அவனும் செய்தான். பீட்சா விருந்து அறிவித்தான்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள எல்லா வட்டமும் பச்சையாகணும். ஒண்ணு மிஞ்சினாலும் யாருக்கும் பீட்சா கிடையாது, சொல்லிட்டேன்."

வகுப்பு ஆர்ப்பரித்தது. செவ்வாய்க்கிழமைக்குள் சுவர் பச்சைப்பசேலென்று ஆகிவிட்டது, ஒரே ஒரு வட்டத்தைத் தவிர. அது ஜூனி டாபினுடையது. மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவே அல்லாடிக்கொண்டிருந்தது. அதற்காக அவளை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முகத்துக்கு நேரே ஒருத்தரைக் குறை சொல்வது அந்த ஊரில் வழக்கமே இல்லை, பிள்ளைகளுக்கும் அதே ரத்தம்தானே. திரையைப் பார்ப்பார்கள், பிறகு அவளைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். அதற்கு நாலு வார்த்தை திட்டியே தொலைத்திருக்கலாம்.

புதன்கிழமை மத்தியானம் அவள் வட்டமும் பச்சையானது. டேரில் துள்ளிக் குதிக்காத குறை.

வியாழக்கிழமை கணக்கு ஆரம்பித்ததும் ஜூனி வயிற்றுவலி என்று நர்ஸ் அறைக்குப் போனாள். சற்று நேரத்தில் நர்ஸ் பெவ் போனில் கூப்பிட்டாள்.

"டேரில், தப்பா எடுத்துக்காதீங்க. இந்தப் பொண்ணு இந்த வாரம் பூரா இதே நேரத்துக்குத்தான் வருது. காய்ச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல. மத்த பாடத்துக்கெல்லாம் வயிறு நல்லாத்தான் இருக்கு. எனக்கென்னமோ ஒண்ணும் புரியல."

அந்த ஊரில் ஒருத்தர் இப்படிப் புரியவில்லை என்றால் நன்றாகவே புரிந்துவிட்டது என்று அர்த்தம்.

இடைவேளைக்கு எல்லாரும் பூட்ஸை மாட்டிக்கொண்டு பனியில் விளையாட ஓடினார்கள். நர்ஸ் அறையிலிருந்து திரும்பிய ஜூனியை மட்டும் டேரில் நிறுத்திக்கொண்டான். அவள் டேப்லெட்டைத் திறந்து பார்த்தான். பச்சையானதும் அது அவளை அடுத்த படிக்குத் தூக்கி விட்டிருந்தது. அங்கே ஒரு கணக்கைக்கூட அவள் தொடவில்லை. ஒரு தாளை எடுத்து நீட்டினான்.

"அரையையும் மூணுல ஒண்ணையும் கூட்டு பார்ப்போம்."

மேலே இருந்ததை மேலே கூட்டினாள், கீழே இருந்ததைக் கீழே கூட்டினாள். ஐந்தில் இரண்டு என்று எழுதிவிட்டுப் பென்சிலைக் கடித்தாள்.

"நேத்து இதே கணக்கைச் சரியாப் போட்டிருக்கியேம்மா?"

கையுறையை மறந்துவிட்டுத் திரும்பி வந்த ப்ரின்லிதான், ஜூனிக்குப் பக்கத்து இருக்கைக்காரி, வாசலிலிருந்தே கத்தினாள்.

"அவளைத் திட்டாதீங்க சார். நான்தான் போட்டேன்."

"நீ எதுக்குப் போட்டே?"

"நீங்கதானே சார் சொன்னீங்க, ஒண்ணு மிஞ்சினாலும் கிடையாதுன்னு? எல்லாரும் இவளையே பார்க்கறாங்க. பாவமா இருந்துச்சு."

"நானேதான் டேப்லெட்டைக் குடுத்தேன் சார்," என்றாள் ஜூனி. "என்னால எல்லாருக்கும் கெட்டுப்போகக் கூடாதில்ல?"

டேரிலுக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. கருவியைச் சொல்லி என்ன பிரயோஜனம், அது கொடுத்த வேலையைச் செய்தது. தெரியவில்லை என்று ஒரு பிள்ளை சொல்ல முடியாதபடி வாயை அடைத்தது அவன்தான்.

இப்போது அவளைப் பழைய படிக்கு இறக்கினால் நாளைக்கு வருகிறவர்கள் கண்ணெதிரே அவள் பெயர் சிவப்பில் நிற்கும். இறக்காவிட்டால் சுவர் ஜொலிக்கும், வேலையும் கைக்கு வரும், ஜூனி வருடம் முழுக்க நர்ஸ் அறையில் படுத்துக் கிடப்பாள். சாயங்காலம் வரைக்கும் அவன் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. பிறகு அவளைப் பழைய படிக்கு இறக்கினான். சுவர்த் திரையின் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி அலமாரியில் போட்டான்.

காலையில் பிள்ளைகளிடம் சொன்னான்: "பீட்சா மத்தியானம் வந்துரும். யார் என்ன கலர்ல இருந்தாலும் வரும். இனிமே கலர் என் கம்ப்யூட்டர்ல மட்டும்தான், யாருக்கு எதை மறுபடி சொல்லித்தரணும்னு நான் பார்த்துக்கறதுக்கு. புரியலேன்னா கையைத் தூக்குங்க. அதுக்கு வெட்கப்பட வேண்டியதில்ல."

"அன்னாசிப்பழம் போட்டது வேண்டாம் சார்," என்று ஒரு குரல் வந்தது.

பள்ளிக் குழு வந்தது. கார்லா வெறும் சுவரைப் பார்த்து அவன் காதோரம் குனிந்தார்.

"திரை எங்கே டேரில்?"

"எடுத்துட்டேன்."

"ஓ. வித்தியாசமாத்தான் இருக்கு."

அந்த ஊரில் அதைவிடக் கடுமையான வசவு கிடையாது.

குழுத் தலைவர் வெர்ன் ஹாகன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அப்ப பிள்ளைங்களுக்குப் பாடம் ஏறியிருக்கான்னு நாங்க எப்படிங்க தெரிஞ்சுக்கறது?"

அவர் கேட்டு முடித்ததும் ஜூனி கையைத் தூக்கினாள்.

"சார், எனக்குப் பின்னக் கணக்கு சுத்தமாப் புரியல."

கார்லா கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த கை ப்ரின்லியுடையது.

"எனக்கும்தான் சார். உதவி பட்டனை அமுக்கிட்டே இருந்தா கடைசியில அதுவே விடையைச் சொல்லிடும். அப்படித்தான் எனக்கும் போட்டேன், அவளுக்கும் போட்டேன்."

"நானும் அப்படித்தான்," என்றது ஜன்னலோரக் குரல் ஒன்று. பிறகு இங்கே ஒரு கை, அங்கே ஒரு கை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாதி வகுப்பு கையைத் தூக்கிவிட்டது. அத்தனையும் நேற்றுவரை சுவரில் பச்சையாய் இருந்த கைகள்.

மற்ற ஆசிரியர்களுக்குப் பழக்கிவிடும் அந்த வேலை போயிற்று என்று டேரிலுக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. வயிறு எரியத்தான் செய்தது. எரியாமல் என்ன செய்யும், அவனும் மனுஷன்தானே.

"உட்காருங்க," என்றான் வந்தவர்களிடம். "நாற்காலி கொஞ்சம் சின்னது. நேரமும் ஆகும்."

பலகையில் ஒரே நீளத்துக்கு இரண்டு கோடு போட்டான். ஒன்றை இரண்டாகப் பிரித்தான், மற்றதை மூன்றாகப் பிரித்தான்.

"ஜூனி, வாம்மா. எந்த இடத்துல புரியலேன்னு காட்டு."

அவள் எழுந்து வந்தாள். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, "இங்கதான் சார்," என்று கோட்டின் மேல் விரலை வைத்தாள்.