சுரங்கத்துப் பெருச்சாளி

அந்தப் பல்கலைக்கழகப் புதுக் கட்டடத்தில் ஏசி கிடையாது. தோட்டத்து மூலையில் ஆள் உயரத்துக்கு ஒரு காற்றுக் கூண்டு. அதில் இறங்கும் காற்று, பூமிக்கடியில் சுரங்கம் வழியாகப் போய்க் குளிர்ந்து, வகுப்பறைத் தரையிலிருக்கும் கம்பி வலைகளில் மேலே வரும். சூட்டுக் காற்று கூரைக் குழாயில் வெளியேறிவிடும். "பூமித்தாயே குளிர வைக்கிறாள்" என்று டீன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். சுரங்கச் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு குழாய் வேலை பார்த்துத் திரியும் கிழட்டு பிட்டருக்கு அது பிடிக்கவில்லை. இத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே மூக்கா?

அந்த வாரம் அந்த மூக்கு நாறியது.

முதல் நாள் காலடியில் லேசாக வந்தது, அடுத்த நாள் குடலைப் புரட்டியது. அழுகலோடு ஒரு திகட்டும் இனிப்பு. ஒரு மாணவி நோட்டின் மேலேயே வாந்தி எடுத்தாள். அதைத் துடைத்தவள் பிட்டரின் தங்கை. அவளுக்கு அங்கே துப்புரவு வேலை.

"டீனோட பூமித்தாய்க்கு வயித்தாலப் போகுது போலண்ணே," என்றாள் மூக்கைப் பொத்திக்கொண்டு.

டீன் கைக்குட்டைக்குள்ளிருந்து பேசினார். "நாளைக்குப் பசுமைக் கட்டட விருதுக்குப் பாக்க வர்றாங்க. மத்தியானத்துக்குள்ள என்னன்னு தெரியணும். எவன் பண்ணியிருந்தாலும் வீட்டுக்குப் போகட்டும்."

பிட்டர் டார்ச்சோடு இறங்கினார். வளைவு தாண்டியதும் சுவரோரம் ஒரு நீல டிரம். மூடி உப்பி வெடித்திருந்தது. உள்ளே மீன் தலையும் குடலும் வெல்லமும் கூழாகி நுரைத்துக் கிடந்தன. மேலே புழு நெளிந்தது.

யாருடையது என்று கேட்கவே வேண்டாம். தங்கை புருஷன்தான் அங்கே தோட்டக்காரன். மண்வெட்டி வைக்க வேண்டும் என்று குழைந்து இன்னொரு சாவியை அவரிடமே வாங்கிக்கொண்டு போனவன். எந்த வேலையிலும் நிலைக்காதவன். காலில் விழாத குறையாக இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். இதுவும் போனால் தங்கை பிள்ளைகளோடு தெருவில் நிற்பாள்.

பல்லைக் கடித்துக்கொண்டு அவரே இழுத்தார். பாதி அவர் மேல் சிந்தியது. சிந்தியதைக் கழுவித் தள்ளி, டிரம்மை வெளியே ஏற்றி, ஒரு சாக்கைப் போட்டு மூடும்போது டீன் வந்து நின்றார்.

"என்ன அது?"

"பெருச்சாளி சார். செத்துக் கிடந்துச்சு."

"இவ்வளவு பெரிய டிரம்லயா?"

"குடும்பமா செத்திருக்கு சார்."

டீன் நம்பித்தான் போயிருப்பார். அதற்குள் தோட்டக்காரன் ஓடி வந்தான்.

"ஐயோ மச்சான், அத ஏன் எடுத்தீங்க? ரோஜாவுக்கு ஊற வெச்ச உரம். குளுகுளுன்னு இருக்குமேன்னுதான் உள்ள வெச்சேன்."

டீன் டிரம்மைப் பார்த்தார். தோட்டக்காரனைப் பார்த்தார். பிறகு வாசலில் கட்டியிருந்த வரவேற்பு பேனரைப் பார்த்தார்.

"சுரங்கத்துல உரம் வெச்சிருந்தது வெளிய தெரிஞ்சா விருது போச்சு," என்றார் மெதுவாக. "பெருச்சாளின்னே இருக்கட்டும். ரெண்டு பேரும் வாயத் திறக்கக் கூடாது."

வேலை தப்பியது. பிட்டர் சட்டையைக் கழற்றிக் குழாயடியில் அலசினார்.

மறுநாள் வந்தவர்கள் கம்பி வலைமேல் குனிந்து ஆழ மூச்சிழுத்து, மண் வாசனை என்று மெச்சினார்கள். பிட்டர் தூணுக்குப் பின்னால் போய்த் துப்பிவிட்டு வந்தார். விருது கிடைத்தது. பெருச்சாளிக்கும் ஏதாவது செய்தாக வேண்டுமே. சிந்தும் சோற்றுக்குத்தான் அது வருகிறது, துப்புரவுப் பெண்கள் இனிமேல் கட்டடத்துக்குள் சாப்பிடக் கூடாது என்று டீன் சொல்லிவிட்டார். பேராசிரியர்கள் எப்போதும்போல அறையில் தின்றார்கள்.

அதுவரை மாடிப்படிக்கடியில் குளிர்ச்சியாக உட்கார்ந்து சாப்பிட்ட தங்கை, உச்சி வெயிலில் காற்றுக் கூண்டின் துண்டு நிழலில் டப்பாவைத் திறந்தாள். பக்கத்தில் புருஷன், எதிரே பிட்டர்.

"தினம் நான்தானே கூட்டுறேன். ஒரு புழுக்கையக் கூடப் பாத்ததில்லயே. பெருச்சாளி எங்கருந்துண்ணே வந்துச்சு?"

பிட்டர் தோட்டக்காரனைப் பார்த்தார்.

"பெரிய பெருச்சாளி," என்றான் அவன் மென்றுகொண்டே. "மச்சான்தான் பாத்தாரு."

பிட்டர் கையை நீட்டினார். "சாவியக் குடு."

"மண்வெட்டி உள்ள இருக்கே மச்சான்."

"குடுடா."

எச்சில் கையாலேயே எடுத்துக் கொடுத்தான்.